உள்ளூர் வக்கீலா, சென்னை வக்கீலா? குற்ற வழக்கில் யாரை நிறுத்துவது

தாங்கள் கேட்டிருப்பது இது. பட்டுக்கோட்டைக்கு அருகே கிராமத்தில் இருக்கும் தம்பிக்கும் பக்கத்துத் தோப்புக்காரருக்கும் எல்லைத் தகராறு. 2018 நவம்பரில் கஜா புயலில் எல்லையோரத் தென்னைகள் சாய்ந்த பிறகு வேலியை எங்கே போடுவது என்று ஆண்டுக்கணக்கில் நடந்த வாக்குவாதம் சென்ற வாரம் கைகலப்பாகி, தம்பி உட்பட நான்கு பேர் மீது முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது. காவலர்கள் இருமுறை வீடு தேடி வந்திருக்கிறார்கள்; தம்பி உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறார். எதிர்த்தரப்பு செல்வாக்கானது, ஊர் வக்கீல்களை வளைத்துவிடும் என்று வீட்டார் அஞ்சுவதால், சென்னையில் பெயர் பெற்ற ஒருவரை அமர்த்தலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் வழக்கறிஞர் அல்லன். குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகப் பணியாற்றி, அதில் பெரும்பகுதியைப் பெஞ்ச் கிளார்க்காக நடுவரின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து கழித்து, ஓய்வு பெற்றவன். எந்த வக்கீல் எதைப் படித்துவிட்டு வருகிறார், எவர் படிக்காமல் வருகிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்த இடம் அது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்குமோ அந்த நீதிமன்றத்தில் நாள்தோறும் நிற்கிற ஒருவரே தங்கள் தம்பிக்குத் தேவை. உள்ளூர் வக்கீல் என்று நான் சொல்வது அந்த ஊரில் பிறந்தவரை அல்ல. அந்த நீதிமன்றத்தில் தொழில் செய்பவரை.

முதலில் வழக்கின் வடிவத்தைப் பாருங்கள். தாங்கள் எழுதியுள்ள பிரிவுகள் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 118(1), 351(3); அதாவது ஆபாசமாகத் திட்டுதல், காயப்படுத்துதல், ஆயுதத்தால் காயப்படுத்துதல், கொலை மிரட்டல். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 324, 506(2) என்று தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் மனப்பாடமாக எழுதப்பட்டு வந்த அதே நால்வர் கூட்டணிதான், 2024 ஜூலை 1 முதல் புதிய எண்களில் வருகிறது. இவற்றில் எதற்கும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் தண்டனை இல்லை. அத்தகைய வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, தேவையில்லாதபோது நேரில் வரும்படி அறிவிப்பு கொடுத்தே விசாரிக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அந்த அறிவிப்பு இன்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)ஆம் பிரிவில் இருக்கிறது. ஆகவே தம்பி ஒளிந்திருப்பதால் கிடைக்கும் நன்மை குறைவு. தேடிப் போயும் கிடைக்கவில்லை என்று விசாரணை அதிகாரி எழுதிவிட்டால், கைதுக்கான காரணத்தை நாமே எடுத்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

ஆனால் இந்த நான்கு பிரிவுகளும் இப்படியே நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. அடிபட்டவரின் எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்து காயச் சான்றிதழ் அப்படியே வந்துவிட்டால், 118(1) இருந்த இடத்தில் 118(2) வந்து உட்காரும். அதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு, மேலே சொன்ன ஏழாண்டுப் பாதுகாப்பும் அத்தோடு போயிற்று. பிரிவு மாற்ற அறிக்கை ஒரு பக்கத் தாளாக நடுவர் நீதிமன்றத்துக்கு வரும். அது வந்த அன்று மாலையே அறிந்துகொள்பவர் யார்? அந்த வளாகத்தில் இருப்பவர்தான். ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றப் பணி பார்க்கும் காவலர் ஒருவர் உண்டு. தாள்கள், கைப்பற்றிய பொருள்கள், சம்மன்கள் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போய் வரும். அவரை மரத்தடியில் நிறுத்தி, 'நம்ம குற்ற எண்ணில் ஏதாவது வந்திருக்கிறதா?' என்று கேட்பது முறைகேடு அல்ல. அன்றாடம் அங்கே இருப்பவருக்கு அது இயல்பாகக் கிடைக்கிற வாய்ப்பு. சென்னையிலிருந்து தொலைபேசியில் கேட்பவருக்கு வாய்க்காது.

ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. கிளைச் சிறையில் இருந்த ஓர் இளைஞனுக்காக, உயர் நீதிமன்றத்தில் நல்ல பெயருள்ள வழக்கறிஞர் ஒருவர் இரண்டு ஜூனியர்களுடன் காரில் வந்து இறங்கினார். ஜாமீன் மனு அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஏழெட்டு இணைக்கப்பட்டிருந்தன. ஆனால் குற்ற எண்ணுக்கு எதிரே ஆண்டு தவறாக இருந்தது. வக்காலத்தில், அதாவது வழக்கறிஞரை அமர்த்தும் தாளில், கைதியின் கையெழுத்துக்குக் கீழே சிறை அதிகாரியின் சான்றொப்பம் இல்லை. மனுவைத் திருப்புவது தவிர எனக்கு வேறு வழியில்லை. சிறைக்குப் போய்ச் சான்றொப்பம் வாங்கி வருவதற்குள் நடுவர் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். பையன் திங்கட்கிழமை வரை உள்ளே இருந்தான். அந்த வழக்கறிஞரின் சட்ட அறிவைப் பற்றி எனக்கு இன்றும் ஐயமில்லை. எங்கள் ஊர் ஜூனியர் எவரும் காலை ஒன்பது மணிக்கே சிறை வாசலில் நின்று அந்தச் சான்றொப்பத்தை வாங்கியிருப்பார், அவ்வளவுதான்.

முன்ஜாமீனுக்கும் இதே கணக்குத்தான். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482ஆம் பிரிவின்படி மாவட்ட அமர்வு நீதிமன்றத்தையும் அணுகலாம், உயர் நீதிமன்றத்தையும் அணுகலாம். வழக்கமாக முதலில் போவது அமர்வு நீதிமன்றத்துக்கு, அதாவது தஞ்சாவூருக்கு. அங்கே கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றம். தஞ்சை மாவட்ட வழக்குகள் சென்னையில் உள்ள உயர் நீதிமன்றத் தலைமை இடத்துக்குப் போவதில்லை. 2004 ஜூலையில் தொடங்கப்பட்ட அதன் மதுரைக் கிளைக்கே போகும். ஆக, தாங்கள் எண்ணியிருக்கும் சென்னை வழக்கறிஞர் இந்த வழக்கின் எந்தக் கட்டத்திலும் தம்முடைய ஊரில் நிற்கப் போவதில்லை. எங்கே போனாலும் அவருக்கு அது வெளியூர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஓர் இரவுப் பயணம், அதற்கான செலவு தங்கள் தலையில். பெரும்பாலும் அவர் வர மாட்டார், ஜூனியரை அனுப்புவார். அந்த ஜூனியரும் அங்கே யாரையாவது பிடித்து 'இன்று எனக்காக நின்றுவிடுங்கள்' என்பார். கடைசியில் தம்பியின் பெயர் கூப்பிடப்படும்போது எழுந்து நிற்பவர் ஓர் உள்ளூர் வக்கீல்தான்; என்ன, வழக்குத் தாள்களின் கட்டு அவர் கையில் இருக்காது.

நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கிய பிறகுதான் உள்ளூர் அறிவின் முழுப் பயனும் தெரியும். அடிதடி வழக்கின் உயிர் பெரிய தீர்ப்புகளில் இருப்பதில்லை. மூன்று நான்கு சிறு தாள்களில் இருக்கிறது. அவற்றுள் முதலாவது அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏ.ஆர். காப்பி. காயம்பட்டவர் வந்த நேரம், யார் அழைத்து வந்தது, எத்தனை பேர் எதனால் அடித்ததாகச் சொன்னார் என்பதை மருத்துவர் அதில் இரண்டு வரியில் எழுதியிருப்பார். 'தெரிந்த இரண்டு பேர், கட்டையால்' என்று மாலை ஆறரைக்கு மருத்துவரிடம் சொன்னவர், இரவு பதினொரு மணிப் புகாரில் 'நான்கு பேர், அரிவாள், இரும்புக் குழாய்' என்று சொல்லியிருந்தால், அந்த இடைவெளிக்குள்தான் எதிர்வாதம் முழுவதும் இருக்கிறது. இரண்டாவது, முதல் தகவல் அறிக்கை நடுவரின் கைக்கு வந்து சேர்ந்த நேரம். அறிக்கையின் மீது நடுவர் தேதியும் மணியும் இட்டுச் சுருக்கொப்பம் வைப்பார். இரவு பதினொன்றுக்குப் பதிவானதாகச் சொல்லப்படும் அறிக்கை மறுநாள் மாலை ஐந்துக்கு வந்து சேர்ந்திருந்தால், இடையில் எங்கே இருந்தது, யார் பெயர் கூடியது என்று கேட்க இடமுண்டு. மூன்றாவது, சம்பவ இடத்தைப் பார்த்துக் காவலர்கள் எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும். தேநீர்க் கடையில் நின்றபடி வாய்க்கால் கரையில் நடந்ததைப் பார்த்தேன் என்று ஒரு சாட்சி சொன்னால், கல்லணைக் கால்வாய்க் கிளையின் கரை எவ்வளவு உயரம், நடுவில் எத்தனை வரிசைத் தென்னை என்பதை நேரில் நடந்து பார்த்த வக்கீல் கேட்கும் கேள்விக்கும், வரைபடத்தை மட்டும் பார்த்தவர் கேட்கும் கேள்விக்கும் உள்ள வேறுபாட்டைச் சாட்சிக் கூண்டில் நிற்பவரின் முகத்திலேயே பார்க்கலாம். சாட்சியம் தமிழில்தான் பதிவாகும். அதுவும் அந்த வட்டாரத் தமிழில். கம்பு, கழி, கட்டை என்று சாட்சி மாற்றி மாற்றிச் சொல்வதில் எது வெறும் வாய்வழக்கு, எது முன்னுக்குப் பின் முரண் என்று பிரித்தறிய, அந்தப் பேச்சு காதில் பழகியிருக்க வேண்டும்.

தம்பிக்கும் அடிபட்டிருந்தால் அவர் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும், எதிர்ப் புகாரும் கொடுக்க வேண்டும். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி இரு தரப்பும் புகார் கொடுத்தால் இரண்டையும் ஒரே அதிகாரி சேர்த்து விசாரித்து, வம்பைத் தொடங்கியது யார் என்று கண்டறிய வேண்டும் என்பது தமிழ்நாடு காவல் நிலையாணை 566இன் சாரம். இதை முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு வைக்கும் வக்கீலை நம்பலாம். குற்றப்பத்திரிகை வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவரிடம் இன்னொரு முறை யோசியுங்கள்.

இனி வீட்டாரின் அச்சத்துக்கு வருகிறேன். அதை நான் சிரித்து ஒதுக்கவில்லை. சிறிய ஊர், வக்கீலும் தோப்புக்காரரும் ஒரே கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் அறிமுகம் வேறு, விலைபோவது வேறு. எதிர்த்தரப்புக்கு முன்பு ஏதாவது வழக்கு நடத்தியிருக்கிறாரா, அந்தக் குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கல் உண்டா என்று அவரிடமே நேரடியாகக் கேளுங்கள். ஒழுங்கானவர் சினம் கொள்ளாமல் பதில் சொல்வார். நான் பார்த்தவரை ஐயப்பட வேண்டிய அடையாளங்கள் இரண்டு. ஒன்று, வழக்குக் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே சமாதானப் பேச்சைத் தொடங்குவது. மற்றது, 'குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும்' என்று ஆலோசனை சொல்வது. அபராதம் மட்டும்தான் என்றாலும் அது தண்டனைத் தீர்ப்பே; நாளை தம்பி அரசு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பித்தால் காவல் சரிபார்ப்பில் அது எழுந்து நிற்கும். சமாதானம் நல்லதுதான், நானே பல குடும்பங்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். ஆயினும் 115(2) போன்ற பிரிவுகளை அடிபட்டவரே நடுவர் முன் சமரசம் செய்துகொள்ள முடிவதுபோல 118(1)ஐ முடியாது. அதற்கு இரு தரப்பும் மதுரைக் கிளைக்குப் போய் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவின் கீழ் வழக்கை ரத்து செய்யக் கோர வேண்டும். இதைச் சொல்லாமல் 'பேசி முடித்துவிடலாம்' என்பவர் பாதியைத்தான் சொல்கிறார்.

உண்மையிலேயே அந்த ஊரில் ஒருவரையும் நம்ப முடியவில்லை என்றால் தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ ஒருவரைப் பாருங்கள். சில வேளைகளில் வழக்கறிஞர் சங்கமே கூடி, இன்னாருக்காக யாரும் நிற்பதில்லை என்று தீர்மானம் போட்டுவிடும். கோயம்புத்தூரில் காவலர்களுக்காக யாரும் வாதாடக் கூடாது என்று அப்படிப் போடப்பட்ட தீர்மானம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. முகமது ரஃபி வழக்கில் 2010இல், இத்தகைய தீர்மானங்கள் சட்டத்துக்கும் தொழில் அறத்துக்கும் எதிரானவை, செல்லாதவை என்று அந்நீதிமன்றம் கூறியது. தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கொண்டு எதிர்வாதம் செய்யும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 22(1)இலேயே இருக்கிறது. காவல் நிலையத்தில் விசாரணை நடக்கும்போதும் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை உண்டு. விசாரணை முழுவதும் அவர் கூடவே உட்கார்ந்திருக்கச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் சேர்த்தே அறிந்துகொள்ளுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? பத்திரிகை விளம்பரத்தையோ இணையத்தில் வரும் 'முதல் பத்து வழக்கறிஞர்கள்' பட்டியலையோ பார்க்காதீர்கள். இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யவே கூடாது. இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காலை பத்தரைக்கு நடுவர் நீதிமன்றத்தில் பின் வரிசையில் போய் உட்காருங்கள். நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்த இடம். ஏன் வந்தீர்கள் என்று எவரும் கேட்க மாட்டார்கள். சாட்சி விசாரணை நடக்கும்போது யார் குறுக்கு விசாரணை செய்கிறார் என்று கவனியுங்கள். உரக்கக் கத்துகிறவரைப் பார்த்து மயங்க வேண்டாம். குட்டையான கேள்விகள் கேட்டு, பதிலைக் காதால் வாங்கி, சரியான இடத்தில் நிறுத்திக்கொள்கிறவர் ஒருவராவது இருப்பார்; அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞர் பெயரைக் கொண்டு தேடினால், அவர் கையில் இருக்கும் வழக்குகள் தெரியும். விபத்து இழப்பீடும் சிவில் வழக்கும் மட்டுமே நிறைந்திருந்தால், எவ்வளவு நல்லவரானாலும் இந்த வழக்குக்கு அவர் வேண்டாம்.

கட்டணத்தை வெட்கப்படாமல் பேசுங்கள். முன்ஜாமீன் வரை இவ்வளவு, குற்றப்பத்திரிகை வரை இவ்வளவு, விசாரணைக்கு இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பிரித்துக் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். குமாஸ்தா செலவும் நகல் செலவும் அதில் அடங்குமா என்பதையும் கேளுங்கள். விடுதலையானால் இவ்வளவு என்று பேசும் ஒப்பந்தம் பார் கவுன்சில் விதிகளின்படி தடை செய்யப்பட்டது. 'அங்கே கொஞ்சம் கொடுக்க வேண்டும், இங்கே கொஞ்சம் கொடுக்க வேண்டும்' என்று கையை மேலே காட்டிப் பணம் கேட்பவரிடமிருந்து அன்றே எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணம் எங்கும் போகாது. போனாலும் கொடுத்தவருக்கும் அது குற்றம். பின்னாளில் வக்கீலை மாற்ற நேர்ந்தால் பழையவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவது வழக்கம். கட்டணப் பாக்கியைக் காட்டி அவர் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

நால்வருக்கும் ஒரே வக்கீல் போதுமா என்பதைத் தாங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். செலவு மிச்சம் என்று கிராமத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். கட்டையை எடுத்தவர் ஒருவர், விலக்கிவிட்டவர் ஒருவர் என்று உண்மை இருக்குமானால், ஒருவருடைய எதிர்வாதம் மற்றவரின் தலையில் விழும். ஒரே வாய் இரண்டையும் பேச முடியாது. தம்பிக்குத் தனி வக்காலத்து போடுங்கள்.

பணம் இல்லையென்றால் தயங்க வேண்டாம். நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். தஞ்சாவூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். காவலில் வைக்கப்பட்டவருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருமான வரம்பு பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நிற்பார் என்ற எண்ணம் ஊரில் இருக்கிறது. பணம் வாங்கியவர்களைவிட நன்றாகக் கட்டைப் படித்துவிட்டு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஒருவேளை தம்பி ரிமாண்ட் செய்யப்பட்டால், அதாவது நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டால், அந்த நாளையும் சேர்த்து எண்ணத் தொடங்குங்கள். அறுபது நாளில், ஆயுள் தண்டனைக்குரிய பிரிவு சேர்ந்திருந்தால் தொண்ணூறு நாளில், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் அவருடைய உரிமை. ஆனால் போலீஸ் தாக்கல் செய்வதற்கு முன்பே மனு போட்டிருக்க வேண்டும். அந்த நாளன்று பத்தரைக்கெல்லாம் மனுவோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் எல்லோரும் அந்த ஊரில் தொழில் செய்தவர்கள்தான். ஜாமீன்தாரர்கள் இருவரையும், அவர்களில் ஒருவராவது நெருங்கிய இரத்த உறவாக இருக்கும்படி, வீட்டு வரி ரசீதோடும் ஆதாரோடும் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். நீதிமன்ற வாசலில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமீன்தாரர் பக்கமே போகாதீர்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் அது தனி வழக்கு.

உயர் நீதிமன்ற வழக்கறிஞர் முற்றிலும் வேண்டாம் என்பதல்ல. ரத்து மனுவுக்காக வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனால், மதுரைக் கிளையில் அன்றாடம் நிற்கும் ஒருவரை உள்ளூர் வக்கீல் மூலமாகவே அமர்த்திக்கொள்ளுங்கள். கட்டு கைமாறும்போது ஒரு தாளும் விடுபடாது. இப்போதே முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள். காயமும் கண்ணால் கண்ட சாட்சியும் உள்ள வழக்கில், காவல் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது உயர் நீதிமன்றம் எளிதில் தலையிடுவதில்லை.

நாளைக் காலை வக்கீலைப் பார்க்கப் போகும்போது முதல் தகவல் அறிக்கையின் நகல், நிலத்தின் பட்டாவும் புல வரைபடமும், அன்றைய தினம் தம்பி கைபேசியில் எடுத்த படங்கள் ஏதேனும் இருந்தால் அந்தக் கைபேசியே, இவற்றை எடுத்துப் போங்கள். அன்று காலை முதல் இரவு வரை நடந்ததைத் தம்பி தம் கைப்பட, மணி நேரத்தோடு, தமக்குப் பாதகமானதையும் மறைக்காமல் ஒரு தாளில் எழுதட்டும். தம் கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியிடாதிருக்க வழக்கறிஞரைச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. ஆகவே அந்தத் தாள் அவர் கைக்கு மட்டும் போகட்டும். உறவினர்களின் வாட்ஸப் குழுவில் அதைப் படம் எடுத்துப் போட வேண்டாம்.